டால்டா ரோஜா

கேக் ஆர்டர் எடுக்கும் மேசையில் உட்காருகிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். பிள்ளைக்குப் பிறந்தநாள் என்று வருகிற அப்பா அம்மாக்கள் மொபைலில் ஒரு படத்தைக் காட்டுவார்கள், எத்தனை கிலோ என்று பேசுவார்கள், பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். கிளம்பும்போது கொஞ்சம் தயங்கி நின்று கேட்பார்கள்: "முன்னாடி ரோஸ் கலர்ல பூ வெச்சு ஒரு கேக் வருமே, ஐசிங் கெட்டியா, நாக்குல அப்படியே ஒட்டிக்குமே, அது இப்ப கிடைக்குமா?" பட்டர் கிரீம் கேக் செய்து கொடுத்தால் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா அது இல்ல" என்பார்கள். சின்ன வயதில் எதைத் தின்றாலும் ருசிதான், அது நாக்கின் ஏக்கம் என்று சொல்லி இந்தப் பேச்சை முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அந்தப் பதில் ஒப்பவே இல்லை. 1980களிலும் 90களிலும் தமிழ்நாட்டுச் சிற்றூர் பேக்கரியில் வாங்கிய அரைக் கிலோ கேக்கையும் இன்று அதே தெருவில் கிடைக்கும் அரைக் கிலோ கேக்கையும் பிரித்துப் போட்டுப் பார்த்தால், மாறாமல் இருப்பது மைதாவும் சர்க்கரையும்தான். கொழுப்பு மாறிவிட்டது, அதை அடிக்கிற விதம் மாறிவிட்டது, கேக்குக்குள் இருக்கும் காற்றின் அளவுகூட மாறிவிட்டது. "அது இல்ல" என்கிறவர்களின் நாக்கு சரியாகத்தான் சொல்கிறது.

முதலில் அந்தக் கேக்கில் என்ன இருந்தது என்று பார்த்துவிடலாம். அடியில் கொழுப்பே சேராத முட்டை ஸ்பாஞ்ச். அதைப் பெரிய டிரேயில் சுட்டு, சதுரமாகவோ இதய வடிவமாகவோ வெட்டுவார்கள். வெட்டி எறிந்த ஓரங்கள் வீணாகாது, கோகோவும் கிரீமும் பிசைந்து உருண்டையாகி மறுநாள் கண்ணாடிப் பெட்டியில் வேறு பெயரில் உட்கார்ந்திருக்கும். கொழுப்பில்லாத ஸ்பாஞ்ச் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் சர்க்கரைத் தண்ணீர் தெளிப்பார்கள். நடுவில் ஒரு அடுக்கு கிரீம், சில கடைகளில் அதோடு மிக்ஸட் ஃப்ரூட் ஜாம். மேலே வெள்ளை ஐசிங், ஓரத்தில் சங்கிலி வேலைப்பாடு, மூலையில் ரோஸ் நிற ரோஜா, பச்சை இலை, பல்லுக்குப் பகையான வெள்ளி உருண்டைகள். நடுவில் வைத்த செர்ரி பெரும்பாலும் களாக்காய்: கொட்டையை எடுத்து, சாயமேற்றி, பாகில் ஊறவைத்தது. டூட்டி ஃப்ரூட்டி என்றால் பப்பாளிக்காய். இதில் ஒளித்து வைக்க எதுவுமில்லை, ஊரில் விளைவதை வைத்து மாஸ்டர்கள் செய்த சாமர்த்தியம் அது.

அந்தக் கேக்கின் உயிர் ஐசிங்கில் இருந்தது. பெயர் பட்டர் கிரீம், ஆனால் உள்ளே இருந்தது வனஸ்பதி, அதாவது ஹைட்ரஜன் ஏற்றி இறுக்கிய தாவர எண்ணெய். 1937இல் டால்டா வந்ததிலிருந்து வீட்டில் அது ஏழைகளின் நெய், பேக்கரியில் அது வெண்ணெய். விலை மட்டும்தான் காரணம் என்று நினைப்பவர்கள் சித்திரை மாதத்தில் ஏசி இல்லாத கடையில் வெண்ணெய் ஐசிங்கோடு ஒரு மத்தியானம் இருந்து பார்க்க வேண்டும். வெண்ணெய் 32இலிருந்து 35 டிகிரிக்குள் உருகிவிடும், அதற்கு வெகு முன்பே தளர்ந்து சரியும். கடைக்குள் 34 டிகிரி இருக்கும்போது வெண்ணெய் ரோஜா ஒரு மணி நேரம்கூட நிற்காது. வனஸ்பதியின் உருகுநிலை 31இலிருந்து 41 டிகிரிக்குள் இருக்கலாம் என்பது விதி. மேல் வரம்பை ஒட்டிய சரக்கைத் தேர்ந்தெடுத்தால் ஃப்ரிட்ஜ் இல்லாமலே கேக் ஒரு நாள் நிற்கும், அட்டைப் பெட்டியில் சணல் கட்டி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனாலும் ரோஜா ரோஜாவாகவே இறங்கும்.

நாக்கில் ஒட்டியதற்கும் அதே கணக்குதான். நம் வாயின் சூடு கிட்டத்தட்ட 37 டிகிரி. அதற்குக் கீழே உருகும் வெண்ணெய் வாயில் கரைந்து இறங்கிவிடும். அதற்கு மேலே உருகும் கொழுப்பு முழுதாகக் கரையாமல் மேல் அண்ணத்தில் மெல்லிய படலமாகப் படிந்துகொள்ளும். சர்க்கரையும் எசன்ஸும் அந்தப் படலத்தில் சிக்கிக்கொண்டு மெதுவாக வெளியே வரும். பிள்ளைகள் நாக்கால் அண்ணத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தது இதனால்தான். சமையல் நூல் கணக்கில் இது குறை. ஐந்து வயதுப் பிள்ளையின் கணக்கில் ஒரு துண்டு கேக் கால் மணி நேரம் நீடித்தது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்திய வனஸ்பதியை நெய் மாதிரி தெரியவேண்டும் என்பதற்காக மணல் மணலாக இருக்கும்படி தயாரித்தார்கள். அந்த மணல் ஐசிங்குக்கு ஆகாது. அதை உடைக்க மாஸ்டர்கள் அகலமான பாத்திரத்தில் கொட்டி, உள்ளங்கையால் ஒரே திசையில் சுற்றிச் சுற்றித் தேய்ப்பார்கள். கையின் சூட்டில் மணி உடையும், தேய்ப்பில் காற்று ஏறும், மங்கலாக இருந்தது பளிச்சென்று வெள்ளையாகும். ஒரு கிலோ வனஸ்பதிக்கு ஒரு கிலோவிலிருந்து ஒன்றேகால் கிலோ வரை ஐசிங் சுகர். சுவைக்காக உப்பு வெண்ணெய் ஒரு கட்டி சேர்த்தால் அது நல்ல கடை. சர்க்கரையை மில்லில் கொடுத்து அரைத்துச் சலிக்காமல் போட்டால் நறநறக்கும். அந்த நறநறப்பையும் சேர்த்துத்தான் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

வாசனைக்கு வனிலா எசன்ஸ், கூடவே அன்னாசி எசன்ஸ். இரண்டும் ஆலையில் செய்தவை. 2006இல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் வயதானவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், சொல்லும் படமும் கிளப்பிய நினைவுகள் பெரும்பாலும் பதின்பருவத்தைச் சுற்றியும், வாசனை கிளப்பிய நினைவுகள் பெரும்பாலும் பத்து வயதுக்கு முந்தைய காலத்தைச் சுற்றியும் அமைந்திருந்தன. அப்படிப் பார்த்தால் பழைய கேக்கைத் தேடி வருகிறவருக்கு மடகாஸ்கர் வனிலாவில் செய்த கேக்கைக் கொடுப்பது உதவாத உயர்வு. அவர் மூக்குத் தேடுவது அந்தச் சின்னக் கண்ணாடிப் புட்டி எசன்ஸை.

ஃப்ரீசர் வந்த பிறகு

இந்தக் கேக் ஒழிந்ததற்கு உடல்நலம் பற்றிய விழிப்புதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். காலவரிசை அப்படி இல்லை. வனஸ்பதியில் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்பை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2021 ஜனவரியில் 3 சதவீதமாகவும் 2022 ஜனவரியில் 2 சதவீதமாகவும் குறைத்தது. அதற்கு வெகு காலம் முன்பே ரோஜா கேக் மூலைக்குப் போய்விட்டது. அதைத் துரத்தியது டீப் ஃப்ரீசர்.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1945இல், போர்க்காலப் பால் தட்டுப்பாட்டின்போது, ராபர்ட் ரிச் என்பவர் சோயாவிலிருந்து அடித்தால் நுரைக்கும் கிரீம் ஒன்றைச் செய்தார். விற்க எடுத்துப்போன வழியில் அது கல்லாக உறைந்துவிட்டதாம், உருகவைத்து அடித்தபோது முன்போலவே பொங்கியதாம். அந்த வகைக் கிரீம்தான் நம் ஊர்களில் "ஃப்ரெஷ் கிரீம்" ஆனது. பாம் கெர்னல் எண்ணெய், தண்ணீர், சர்க்கரை, எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைக்கும் கூழ்மமாக்கிகள். மைனஸ் 18 டிகிரியில் வைத்திருந்து, முந்தின நாள் ஃப்ரிட்ஜுக்கு மாற்றி, இன்னும் சில்லென்று இருக்கும்போதே அடித்தால் மூன்றரை, நான்கு மடங்கு உப்பும். வனஸ்பதி கிரீம் இரண்டு மடங்கு வந்தாலே பெரிது.

பேக்கரிக்காரர் கண்ணோடு பாருங்கள். கேக்கை எடை போட்டு விற்கிறோம், வாங்குகிறவர் கண்ணால் அளக்கிறார். வனஸ்பதி ஐசிங்கில் அரைக் கிலோ கேக் உள்ளங்கை அகலத்தில் கனமாக இருக்கும். அதே அரைக் கிலோ இந்தக் கிரீமில் உயரமாக, பருத்து, பார்த்ததும் பெரிய கேக்காகத் தெரியும். கை வலிக்கத் தேய்க்க வேண்டாம், மிஷின் சில நிமிடங்களில் அடித்துவிடும். இனிப்பும் குறைவு. எந்தக் கடைக்காரர் வேண்டாம் என்பார்? போனது என்னவென்றால் ரோஜா. காற்று நிறைந்த கிரீமில் இதழின் விளிம்பு மெல்லியதாக நிற்காது. சிலந்திவலை மாதிரி ஜெல் கோடுகள், சாக்லேட் துருவல், பிறகு அச்சடித்த போட்டோ என்று அலங்காரம் வேறு வழிக்குப் போனது இதனால்தான். அச்சடித்த போட்டோவில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு: பிள்ளையின் முகத்தில் கத்தி வைக்கச் சொல்கிறோம், அது வைக்க மறுத்து அழுதால் போட்டோவுக்குச் சிரி என்கிறோம்.

இலங்கைத் தமிழர் வீடுகளில் கதை வேறு. அங்கே பிறந்தநாளுக்கு ரிப்பன் கேக்: ரோஸ், பச்சை, மஞ்சள் என்று நிறமேற்றிய பட்டர் கேக் அடுக்குகள், நடுவில் பட்டர் ஐசிங். வெண்ணெய், சீனி, மாவு, முட்டை எல்லாம் ஏறக்குறைய சம எடை, வசதிப்படாத வீட்டில் வெண்ணெய்க்குப் பதில் அஸ்ட்ரா மார்ஜரின். கொழுப்பு கேக்குக்குள்ளேயே இருப்பதால் சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், அடுத்த நாள் இன்னும் நன்றாக இருக்கும். டொரண்டோவிலும் லண்டனிலும் அந்த ருசி அப்படியே தொடர்கிறது என்றால், செய்முறை கடையில் இல்லாமல் வீட்டில் இருந்ததுதான் காரணம் என்பேன்.

நம் பக்கத்தில் வீட்டுக் கேக் என்றால் குக்கர் கேக். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றி, அடியில் ஓர் அங்குலத்துக்கு மணலோ கல்லுப்போ பரப்பி, பத்து நிமிடம் காயவிட்டு, அதன்மேல் தட்டு வைத்து ஆறு அங்குல டின்னை இறக்குவது. சின்னத் தீயில் 40, 45 நிமிடம். தீ அதிகமானால் மேற்புறம் முதலில் இறுகி, உள்ளே மாவு பொங்கி நடுவில் வெடிக்கும். கேஸ்கட்டைக் கழற்ற மறந்தால் கேக் ரப்பர் வாசம் அடிக்கும். தண்ணீரில்லாமல் காய்வது குக்கருக்கு நல்லதல்ல, அடிகனமான பழைய பாத்திரம் இருந்தால் அதுவே போதும்.

மறுபடியும் செய்ய

வனஸ்பதியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. பகுதி ஹைட்ரஜனேற்றிய கொழுப்பு இதயத்துக்குச் செய்த கெடுதல் தெளிவாகத் தெரிந்த விஷயம், அதை வருடத்துக்கு ஒருநாள்தானே என்று பிள்ளைக்கு ஊட்ட வேண்டிய அவசியமில்லை. டிரான்ஸ் கொழுப்பில்லாத பேக்கரி ஷார்ட்னிங் (பேக்கரி வேலைக்கென்று செய்யும் கெட்டிக் கொழுப்பு) இப்போது கிடைக்கிறது. அதையும் வெண்ணெயையும் கலந்தால் பழைய ருசிக்கு முக்கால்வாசி பக்கத்தில் போய்விடலாம்.

ஒரு கிலோ கேக்குக்கு: முட்டை 4 (ஓடு போக 190 முதல் 200 கிராம்), சர்க்கரை 120 கிராம், மைதா 120 கிராம். முட்டையையும் சர்க்கரையையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, விரலுக்கு இதமாகச் சுடும்வரை கிண்டி, இறக்கி, பீட்டரில் எட்டு பத்து நிமிடம் அடியுங்கள். பீட்டரைத் தூக்கினால் விழுகிற கோடு ஐந்தாறு நொடி கலையாமல் நிற்க வேண்டும். மைதாவை இரண்டு தரம் சலித்து, மூன்று பங்காகத் தூவி, அகலமான கரண்டியால் அடியிலிருந்து மேலே புரட்டுங்கள். அடியில் மாவு தேங்கினால் கேக்கின் அடிப்பாகம் ரப்பராகும், பயந்துகொண்டு அதிகம் கிளறினால் காற்று போய் மொத்தமும் ரப்பராகும். எட்டு அங்குல டின்னில் அடியில் மட்டும் பட்டர் பேப்பர் போடுங்கள், பக்கவாட்டில் எண்ணெய் தடவ வேண்டாம், ஸ்பாஞ்ச் பிடித்து ஏறச் சுவர் வேண்டும். 175 டிகிரியில் 25இலிருந்து 28 நிமிடம். வெளியே எடுத்ததும் டின்னை அரையடி உயரத்திலிருந்து மேடையில் ஒருதரம் போடுங்கள், உள்ளே அடைபட்ட நீராவி வெளியேறி நடுப்பகுதி குழிவிழாமல் இருக்கும். அன்றைக்கே அறுத்தால் உதிரும். மூடிவைத்து மறுநாள் அறுக்க வேண்டும்.

சர்க்கரைத் தண்ணீர்: 200 மில்லி தண்ணீரில் 100 கிராம் சர்க்கரை கரைந்து ஒரு கொதி வந்தால் போதும். ஆறியபின் மொத்தத்தில் 120 மில்லி தெளியுங்கள், ஓரங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக, நடுவுக்குக் குறைவாக.

கிரீம்: உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம், ஷார்ட்னிங் 100 கிராம், சலித்த ஐசிங் சுகர் 350 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, வனிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன், அன்னாசி எசன்ஸ் மூன்று நான்கு சொட்டு. வெண்ணெயை விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் மினுமினுக்கக் கூடாது. மினுமினுத்தால் அது உருகத் தொடங்கிவிட்டது, எவ்வளவு அடித்தாலும் காற்று தங்காது. முதலில் கொழுப்பை மட்டும் வெளுக்கும்வரை அடித்து, சர்க்கரையை மூன்று தடவையாகச் சேருங்கள். கெட்டியாக இருக்கிறதென்று ஃப்ரிட்ஜ் பாலை ஊற்றினால் திரிந்ததுபோல் ஆகும், வெளியில் வைத்த பால் இரண்டு டீஸ்பூன் போதும். திரிந்துவிட்டாலும் கொட்ட வேண்டாம். பாத்திரத்தை வெந்நீர் நனைத்த துணியில் சில நொடி வைத்து மறுபடி அடித்தால் சேர்ந்துவிடும். கூழாகப் போனால் அதற்கு எதிர்வைத்தியம், கால் மணி நேரம் ஃப்ரிட்ஜ். மே மாதத்தில் செய்வதானால் வெண்ணெயையும் ஷார்ட்னிங்கையும் சரிபாதியாக்குங்கள். ருசி கொஞ்சம் விட்டுப்போகும், கேக் நிற்கும்.

பிறகு நிறம். தண்ணீரில் கரைத்த கலர் கொழுப்பில் புள்ளி புள்ளியாக நிற்கும், ஜெல் கலரோ எண்ணெய்க் கலரோ வாங்குங்கள். பட்டர் கிரீமில் நிறம் நேரமாக ஆக ஏறும். வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே நிறுத்தி இரண்டு மணி நேரம் விட்டுவிட்டால் தானாக வந்து சேரும். அடர் சிவப்பும் கறுப்பும் கேட்கிற பிள்ளைக்கு எதையாவது சொல்லி மனதை மாற்றுவது நல்லது, அந்த நிறம் வருமளவு சாயம் போட்டால் கசக்கும்.

ரோஜா

ரோஜாவுக்கு வைத்த கிரீம் கெட்டியாக இருக்க வேண்டும். பெயர் எழுதுகிற பதத்தில் செய்த ரோஜா படுத்துவிடும். பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுற்றி (கழுவித் துடைத்த பால் கவரும் ஆகும், ஒரு தலைமுறை அதில்தான் பழகியது) நுனியில் 104 எண் இதழ் நாசிலை (கிரீம் பிழியும் உலோக முனை) போடுங்கள். நாசில் வாயின் அகன்ற முனை கீழே, குறுகிய முனை மேலே. இதைத் தலைகீழாகப் பிடித்துவிட்டுத்தான் இதழ் தடித்துப்போகிறது என்று பலர் குழம்புகிறார்கள். இடது கையில் பூ ஆணி (பூ போடுவதற்கான தட்டைத் தலை ஆணி), அதன் தலையில் சின்னச் சதுரப் பேப்பர், நடுவில் ஒரு கிரீம் மேடு. ஆணியை இடப்பக்கமாகச் சுழற்றிக்கொண்டே மேட்டைச் சுற்றி ஒரு மொட்டு. அதைச் சுற்றி மூன்று இதழ், வெளியே ஐந்து, அதற்கும் வெளியே ஏழு. ஒவ்வொரு இதழும் முந்தின இதழின் பாதியிலிருந்து தொடங்க வேண்டும், ஒவ்வொரு வரிசைக்கும் நாசிலை இன்னும் கொஞ்சம் வெளியே சாய்க்க வேண்டும். விளிம்பு பிய்ந்து பிய்ந்து வந்தால் கிரீம் வறண்டிருக்கிறது, கால் டீஸ்பூன் பால் விட்டுக் கலக்குங்கள். நான்கு பூ போட்டபின் ஐந்தாவது சரிந்தால் கிரீம்மேல் குற்றமில்லை, உள்ளங்கைச் சூடு கூம்புக்குள் போய்விட்டது. கூம்பைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துத் துடைத்தால் சரியாகும். இலைக்கு நாசிலே வேண்டாம், கூம்பின் நுனியைப் பேனா முள் மாதிரி வெட்டினால் போதும்.

கேக் வெட்டும் அன்று நினைவில் வைக்க வேண்டிய இரண்டு விஷயம். பனி தெளிப்பான் என்று விற்கிற டப்பாக்களில் பெரும்பாலும் எரியக்கூடிய வாயுதான் அழுத்தி அடைத்திருக்கிறது. மெழுகுவத்தியும் மத்தாப்பு வத்தியும் எரியும்போது அதை அடித்தால் பிள்ளை முகத்துக்கு நேரே தீப்பிடிக்கும், ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்கக் கூடாது. வத்தியை ஊதுவதைப் பற்றி 2017இல் அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்து, ஊதிய ஐசிங்கில் பாக்டீரியா சராசரியாகப் பதினான்கு மடங்கு கூடியதாகச் சொன்னார்கள். அதற்காகப் பயந்து கேக்கை ஒதுக்க வேண்டியதில்லை. விளக்கை ஊதி அணைப்பதா என்று பாட்டிகள் முகம் சுளிக்கும் வீடுகளில் பிள்ளையைக் குத்துவிளக்கு ஏற்றச் சொல்லிவிட்டுக் கேக்கை வெட்டுவார்கள். அந்த ஏற்பாட்டில் ஊதுகிற பிரச்சினை தீர்ந்துவிடுகிறது, தெளிப்பானை மட்டும் விளக்குப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

மிச்சமிருப்பது ரோஜாச் சண்டை. பழைய கேக்கில் பூ இரண்டோ மூன்றோதான் இருக்கும், வந்திருக்கும் பிள்ளைகள் பதினைந்து பேர். பிறந்தநாள் பிள்ளைக்கு ஒன்று, வீட்டுக்கு வந்த பெரிய மனிதரின் பிள்ளைக்கு ஒன்று என்று போனதும், கிடைக்காதவர்கள் நாற்பது வருடம் கழித்தும் அதைச் சொல்லிக் காட்டுவதும் எல்லா ஊரிலும் நடந்த கதை. இதற்கு வழி சுலபம். மேலே சொன்ன அளவில் கேக்குக்குப் பூசியது போக 200 கிராம் கிரீம் மிஞ்சும். மூன்று வரிசை ரோஜா போட வேண்டாம், மொட்டும் மூன்று இதழும் போட்டால் பத்துப் பன்னிரண்டு கிராமில் ஒரு குட்டி ரோஜா வரும், பதினைந்துக்குக் குறையாமல் கிடைக்கும். பேப்பரோடு தட்டில் வைத்து 20 நிமிடம் ஃப்ரீசரில் வைத்தால் கையில் எடுக்கலாம். கேக்கின்மேல் பெரிய ரோஜா ஒன்று போதும், குட்டி ரோஜாக்களைத் தனி டப்பாவில் அடுக்கிக் கேக்கோடு கொடுங்கள். துண்டு போட்டுக் கொடுக்கிறவர் ஒவ்வொரு தட்டிலும் ஒன்று வைத்துவிட வேண்டும். டப்பாவை அப்பா அம்மா கையில் மட்டும் கொடுங்கள், பிள்ளை கையில் கொடுத்தால் வீடு போய்ச் சேர்வதற்குள் பாதி காலியாகிவிடும்.